குறுந்தொகை 412

சென்ற வாரம் என் ஆய்வு மாணவி நெய்தல் திணை பற்றிய இயலைக் கொண்டுவந்து கொடுத்தாள். மூன்றாம் பக்கத்தில் ஓர் அடிக்குறிப்பு: ‘குறுந்தொகை 412, அம்மூவனார்.’ மேலே நான்கடிப் பாடல். புன்னை, கழி, நாரை, தேர்மணி எல்லாம் இருந்தன. அகவல் ஓசையும் பிசகவில்லை. அம்மூவனார் நெய்தலுக்குப் பெயர் பெற்றவர். ஐங்குறுநூற்றின் நெய்தல் நூறு பாடல்களும் அவருடையவை. எண் மட்டும்தான் உறுத்தியது. கடவுள் வாழ்த்து நீங்கலாகக் குறுந்தொகையில் இருப்பவை 401 பாடல்கள்.

“எங்கிருந்து எடுத்தாய்?”

“செயற்கை நுண்ணறிவிடம் மேற்கோள் கேட்டேன் அம்மா. எண்ணோடு கொடுத்ததால் நூலைப் புரட்டவில்லை.”

பகலெல்லாம் பள்ளி வேலை, இரவில் ஆய்வு. கடிந்துகொள்ள மனம் வரவில்லை. ஆனால் வயிற்றைக் கலக்கிவிட்டது. அந்த இயல் ஒப்புமைச் சோதனையில் 4 விழுக்காட்டோடு தேறியிருந்தது! பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகளின்படி 10 விழுக்காடு வரை தண்டனையே இல்லை. அந்தச் சோதனை திருட்டைத் தேடுகிறது. யாருமே எழுதாத பாட்டு எதோடு ஒத்துப்போகும்?

2024 பிப்ரவரியில் ஓர் உயிரியல் ஆய்விதழில், செயற்கை நுண்ணறிவு வரைந்த எலிப் படம் வெளிவந்தது. உறுப்புகள் கோரமாக இருந்தன. அவற்றின் பெயர்களுக்குப் பொருளே இல்லை. மதிப்பீட்டாளர்களைத் தாண்டி வந்த அந்தக் கட்டுரையைச் சில நாட்களில் திரும்பப் பெற்றார்கள். எலியின் கோலம் பார்த்தவர் கண்ணில் பட்டது. தமிழ் ஆய்வேட்டின் அடிக்குறிப்பை யார் சரிபார்க்கப் போகிறார்கள்? பட்டம் கிடைத்ததும் ஆய்வேடு, இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான ஷோத்கங்காவில் ஏறும். அடுத்த மாணவர் அதை எடுத்தாள்வார். அப்புறம் அம்மூவனார் பாடாததை அவர் பாடியதாகவே ஊர் நம்பும்.

உ.வே.சா. 1937இல் குறுந்தொகையைப் பதிப்பித்தபோது, ஒரு சொல் ஏட்டுக்கு ஏடு மாறினாலும் பாடபேதம் என்று குறித்து வைத்தார். அந்த ஒழுங்கின் மேல்தான் நாங்கள் இன்றைக்கும் உட்கார்ந்து வேலை செய்கிறோம். அதை நான் கண்ணெதிரே கரையவிட மாட்டேன்.

இரண்டு மாலைகள் இருவரும் நூல்களைப் பரப்பி வைத்து 63 அடிக்குறிப்புகளையும் பார்த்தோம். அந்தப் பாடலைப் போலவே வேறு ஐந்துக்கும் மூலம் இல்லை. அவளே சிவப்பு மையால் அடித்தாள். அவற்றை நம்பி எழுதிய எட்டுப் பக்கங்களும் போயின. சமர்ப்பிக்கக் கூடுதல் அவகாசம் கேட்டுத் துறைக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன்.