செவ்வாய்க்கிழமையும் செட்டியார் தெருவும்

கொழும்பில் செவ்வாய்க்கிழமை என்றால் சனம் வடக்குப் பக்கம்தான் போகும். செவ்வாய் முருகனுக்கு உகந்த நாள். கொச்சிக்கடை அந்தோனியாருக்கும் அதே நாள்தான். காலையில் செட்டியார் தெருவில் கதிரேசனைக் கும்பிட்டுவிட்டு, அப்படியே நடந்துபோய் அந்தோனியார் கோயிலில் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வீடு திரும்புகிற தமிழர்கள் இந்த ஊரில் நிறையப் பேர். என் மாமி அவர்களில் ஒருவர். ஜம்பட்டா வீதியில் ‘தோட்டம்’ என்று சொல்லும் நெருக்கமான வரிசை வீடுகளில் ஒன்றில் பிறந்து வளர்ந்தவர். கல்யாணம் முடித்து வெள்ளவத்தைக்கு வந்த பிறகும் அந்தப் பக்கத்துக் கோயில்களை அவர் விடவில்லை. இந்த ஆடியில் நானும் அவரோடு போனேன்.

100ஆம் இலக்க பஸ்ஸில் புறக்கோட்டையில் இறங்கினால், அங்கிருந்து நடைதான். லொறிகளுக்கு நடுவே சுமை தூக்கும் நாட்டாமிகள் வண்டி தள்ளிக்கொண்டு வர, நாங்கள் ஒதுங்கி ஒதுங்கி நடந்தோம். இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்பும் வெள்ளையுமாக நிற்கும் சம்மாங்கோட்டார் பள்ளிவாசலை நான் நின்று பார்த்தேன். நூறு வருடத்துக்கு மேலாக அந்த நெரிசலுக்குள் நிற்கிறது. மாமி விடவில்லை. “பராக்குப் பார்க்காம வா பிள்ளை, பூசைக்கு முந்திப் போகோணும்.”

செட்டியார் தெருவில் இருபுறமும் நகைக்கடைகள். அவற்றுக்கு நடுவில் பழைய கதிரேசன் கோயிலும் புதிய கதிரேசன் கோயிலும். நகைக்கடைக் கண்ணாடியைப் பார்த்தபடி வருகிறவருக்குக் கோபுரம் திடீரென்றுதான் தெரியும். நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் வட்டித் தொழிலும் அரிசி வியாபாரமுமாக இங்கே இருந்த காலத்தில் வளர்ந்த கோயில்கள் இவை. பிரித்தானியர் காலத்துக் கொழும்பில் கடன் என்றால் இந்தத் தெருதான். சுதந்திரத்துக்குப் பிறகு வந்த குடியுரிமைச் சட்டங்களோடு அவர்களில் பெரும்பாலானோர் ஊர் திரும்பினார்கள். கிட்டங்கிகள் என்ற அவர்களின் தொழிலிடங்கள் போயின. வேல் மட்டும் நிலைத்தது.

ஆடிவேல் விழா 1874இல் தொடங்கியதாகச் சொல்வார்கள். கதிர்காம யாத்திரையில் வாந்திபேதி பரவி, அரசாங்கம் யாத்திரைக்குக் கட்டுப்பாடு போட்ட காலம் அது. கதிர்காமத்துக்குப் போக முடியாவிட்டால் என்ன, முருகனை இங்கேயே வீதியில் எழுந்தருளப் பண்ணுவோம் என்று எடுத்த விழா. செட்டியார் தெருவில் புறப்படும் வேல், கோட்டையையும் காலிமுகத்தையும் கடந்து காலி வீதியால் பம்பலப்பிட்டிக்கும் வெள்ளவத்தைக்கும் வரும். 1983 ஜூலைக்குப் பிறகு அது பழையபடி நடக்காத வருடங்கள் இருந்தன. மாமி அந்த வருடங்களைப் பற்றி அதிகம் பேசமாட்டார். “தேர் வராட்டி ஆடி வந்த மாதிரியே இருக்காது” என்று மட்டும் சொன்னார்.

சந்நிதியில் நின்றபோது எனக்குத் தோன்றியது இதுதான். பழைய நகரத்தைக் காப்பது என்றால் கட்டடங்களைக் காப்பது என்றே நினைக்கிறோம். ஆனால் ஒரு வேல் போகிற வழியும் காக்க வேண்டிய சொத்துத்தான். எந்த வாசலில் தேர் நிற்கும், எந்த வீட்டார் பூரணகும்பம் வைப்பார்கள், எங்கே தண்ணீர்ப் பந்தல் போடுவார்கள் என்பதெல்லாம் எந்த வரைபடத்திலும் இல்லை. மாமியைப் போன்றவர்களின் ஞாபகத்தில் இருக்கிறது.

அங்கிருந்து கொச்சிக்கடைப் பக்கம் நடந்தோம். மாமி பிறந்த தோட்டம் இருந்த இடத்தில் இப்போது ஒரு களஞ்சியம். பொதுத் தண்ணீர்க் குழாய் இருந்த மூலையைக் கை காட்டிவிட்டு நடந்துகொண்டே இருந்தார்.

பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலுக்குள் நுழைந்தால் வெயிலும் சத்தமும் வெளியே நின்றுவிடும். முழுக்க முழுக்கக் கருங்கல். 1850களில் பொன்னம்பல முதலியார் கட்டிய கோயிலை, அவருடைய மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 முதல் 1912 வரை கல்லால் திருப்பிக் கட்டினார். படித்த இலங்கையருக்கென்று சட்டநிரூபண சபையில் கிடைத்த ஒரே ஆசனத்துக்கு 1911இல் அவர் தெரிவானதும் இந்தக் கட்டட வேலை நடந்துகொண்டிருந்த போதுதான். விஜயநகரப் பாணியில் செதுக்கிய தூண்கள். பகலிலும் மங்கலான மண்டபம், எண்ணெய் விளக்கு, கற்பூரத்தின் மணம். தூணில் கை வைத்தால் குளிர்கிறது. சிவகாமி அம்மன் முன்னால் மாமி கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் நின்றார். நான் தேவாரம் ஒன்றை வாய்க்குள் பாடிக்கொண்டு பிராகாரம் சுற்றினேன். கொழும்பில் எனக்கு இதைவிட மனம் அடங்கும் இடம் வேறு இல்லை.

வெளியே வந்து படியில் இருந்தபோது திருப்பணி பற்றிய பேச்சு வந்தது. பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை கும்பாபிஷேகம் என்று வந்ததும் பல கோயில்களில் பழைய மரக் கதவு போகிறது, சுதை வேலை மேல் பளீரென்ற பெயின்ற் ஏறுகிறது, உபயகாரர் பெயர் பொறித்த கல்லின் மேல் டைல்ஸ் ஒட்டுகிறார்கள். எனக்கு இது பொறுக்கவில்லை என்றேன். மாமி ஒத்துக்கொள்ளவில்லை. “சாமி இருக்கிற வீட்டைத் திருத்தாம விடுறதே? இராமநாதன் தகப்பன் கட்டினதை மாத்தித்தானே இதைக் கட்டினவர்?”

நியாயமான கேள்வி. புதுப்பிப்பது நம் மரபில் உள்ளதுதான். சாமியைத் தற்காலிகமாக வேறிடத்தில் எழுந்தருளப் பண்ணும் பாலஸ்தாபனம் செய்துதான் கை வைக்கிறோம், அதற்கென்று விதி வைத்திருக்கிறோம். ஆனால் இராமநாதன் பழையதைவிடப் பல தலைமுறை நீடிக்கக்கூடியதைக் கட்டினார். இன்று நாம் நூறு வருடம் நின்ற தேக்கைக் கழற்றிவிட்டு அலுமினியம் பூட்டுகிறோம். இரண்டையும் ஒன்றாக வைக்க எனக்கு மனமில்லை. குறைந்தபட்சம், கழற்றுவதற்கு முன் படம் எடுத்து, கல்லில் இருக்கும் பெயர்களைப் படியெடுத்து வைக்கலாமே. அதற்கு ஆகமத்தில் தடை ஒன்றும் இல்லை.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்றும் இருக்க முடியாது. இலங்கையின் 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2ஆம் திகதியைக் கோடாக வைக்கிறது. அதற்குப் பிந்தியது என்றால் வர்த்தமானியில் தனியாக அறிவிக்க வேண்டும். பக்கத்து மேட்டில் இருக்கும் ஒல்லாந்தரின் வுல்பெண்டால் தேவாலயம் 1757இல் திறந்தது, கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்துவிடும். இந்தப் பேட்டையில் தமிழர் எழுப்பியவற்றில் பெரும்பகுதி பிரித்தானியர் காலத்தது. அந்தப் பக்கம் போய்விடும். அறிவிக்கச் சொல்லிக் கேட்க வேண்டியவர்கள் நாம்தான்.

கடைசியாக அந்தோனியார் கோயில். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று குண்டு வெடித்த இடம். அன்று அங்கே இறந்தவர்களில் தமிழர் பலர். சில வாரங்களுக்குள்ளேயே திருத்தித் திறந்துவிட்டார்கள். ஆனால் அதே நாளில் குண்டு வெடித்த நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோயிலில், இரத்தம் தெறித்த இயேசு சொரூபத்தைக் கழுவாமல் கண்ணாடிப் பெட்டிக்குள் அப்படியே வைத்திருப்பதை மாமிக்குச் சொன்னேன். திருத்த வேண்டியதைத் திருத்தி, அழிக்கக் கூடாததை விட்டிருக்கிறார்கள். அந்தோனியார் முன்னால் மாமி முழங்காலில் இருந்து அழுதார். எழுந்ததும், “நீ சொன்னது விளங்குது பிள்ளை” என்றார்.

திரும்பும் பஸ்ஸில் அவராகவே சொல்லத் தொடங்கினார்: ஜம்பட்டா வீதியில் யார் வீட்டு வாசலில் என்ன கோலம், எந்தக் கடைக்காரர் வேலுக்கு மாலை கட்டிக் கொடுத்தார், யார் காவடி எடுத்தார். பம்பலப்பிட்டி வரும்வரை போனில் பதிந்துகொண்டேன். உங்கள் வீட்டு அல்பத்தில் ஆடிவேல் படம் ஏதும் இருந்தால், தேரை மட்டும் பார்க்காமல் பின்னால் தெரியும் கடையையும் வீட்டையும் பாருங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு, படத்தின் பின்பக்கம் தெருவின் பெயரையும் வருடத்தையும் பென்சிலால் எழுதி வையுங்கள். பேனா வேண்டாம், மை ஊறிப் படத்தைக் கெடுத்துவிடும்.