அடுப்புக்குமோ பட்டரி?

புட்டு அரைவாசி அவிந்துகொண்டிருக்கும்போது அடுப்பில் சிவப்பு விளக்கு மினுங்கியது. பட்டரியில் வோல்ட் குறைந்துவிட்டதாம். அவ்வளவுதான், அடுப்பு தன்பாட்டில் நின்றுவிட்டது. வன்னியில், முள்ளியவளையிலிருந்து வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்த அம்மா கேட்டா: "என்ன மோனை, அடுப்புக்குமோ பட்டரி?"

தொண்ணூறுகளின் போர்க்காலப் பொருளாதாரத் தடையில் வன்னிக்குள் பட்டரி வராது. சைக்கிள் டைனமோவை மிதித்து ரேடியோ கேட்டு, ஜாம் போத்தல் விளக்கில் படித்த ஆக்கள் நாங்கள். ஆனால் அடுப்புக்கு ஒரு குறையும் வந்ததில்லை. மூன்று கல்லும் காய்ந்த பாலை விறகும் காட்டோரத்தில் யாருக்கும் கிடைக்கும்.

இப்போது நோர்வேயில், பேர்கனுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் படகில் இருக்கிறேன். வீட்டு வாடகை கட்டுப்படியாகாமல் ஏறியது, பிறகு பிடித்துப்போனது. சமையலுக்கும் குளிருக்கும் ஒரே டீசல் அடுப்புத்தான். சுவிட்சைப் போட்டால் உள்ளே ஒரு கம்பி பழுக்கும், குட்டிப் பம்ப் டீசலைச் சொட்டுச் சொட்டாக விடும். பட்டரியைக் குடிப்பது இந்தத் தொடக்கம்தான். பற்றிய பிறகு சொற்பம் போதும். ஊரில் மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிளை, முதலில் சிரிஞ்சால் பெற்றோல் பீச்சி உசுப்புவார்களே, அதே குணம். மேலே உள்ள கண்ணாடித் தட்டு கொதிநிலைக்கு வரப் பத்து நிமிடமாவது போகும்.

சமைத்து முடிந்து மூடியைக் கவிழ்த்தால், மூடியிலுள்ள விசிறி தட்டின் சூட்டை அறைக்குள் ஊதும். எரியத் தேவையான காற்றை வெளியிலிருந்து எடுத்து, புகையையும் வெளியிலேயே விடுவதால் உள்ளே ஈரம் சேராது. மழைக்குப் பேர்போன பேர்கனில் இது பெரிய காரியம். நான் புட்டு அவித்து யன்னலெல்லாம் வேர்க்க வைப்பது வேறு கதை. அப்புறம், நிறுத்தியவுடன் மெயின் சுவிட்சைத் தொடக்கூடாது. உள்ளே ஆறும்வரை விசிறி ஓடியே ஆகவேண்டும்.

சரி, இதெல்லாம் பழகிவிட்டது. நெருப்பைக் காணாமல் சமைப்பதுதான் இன்னும் பழகவில்லை. கத்தரிக்காய் சுட வழியில்லை. கொக்கிளாய்ப் பக்கக் கருவாட்டை அம்மா தணலில் போட்டு, தோல் வெடித்ததும் கையாலேயே தூக்கி, சாம்பலைத் தட்டி ஊதி, பழஞ்சோற்றுக் கோப்பையின் ஓரத்தில் வைப்பா. கொஞ்சச் சாம்பல் பல்லில் நறநறக்கும். இங்கே அதைச் சட்டியில் வாட்டினால் மணம் மட்டும் படகு முழுக்க நிற்கிறது, போர்வையில்கூட.

"கரையில இறங்கி மூண்டு கல்லை வையன்" என்றா அம்மா. நோர்வேயில் ஏப்ரல் 15 முதல் செப்டம்பர் 15 வரை காட்டுக்குள்ளும் அதன் அருகிலும் நெருப்பு மூட்டப் பொதுத் தடை. தடை முடியட்டும் என்று பேர்ச் விறகும் கத்தரிக்காயும் வாங்கி வைத்தேன். அதற்குப் பிறகு மழை விடவேயில்லை. கத்தரிக்காய் பால்கறியாகிவிட்டது.