மாவலியின் தலைமாட்டில் ஒரு வாவி

கொட்டியாரக் குடாவில் மாவலி கங்கை கடலோடு கலப்பதைச் சிறுவயது முதல் பார்த்து வளர்ந்த எனக்கு, அந்த நீரில் ஒரு பங்கு புறப்படும் இடத்தைக் காணும் ஆசை சென்ற ஐப்பசியில்தான் நிறைவேறியது. திருகோணமலையில் விடிகாலை பஸ் ஏறி, கண்டியில் மாறி, பொழுது சாயும் வேளையில் நுவரெலியாவில் இறங்கினேன்.

கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள கிறகரி வாவி இயற்கையானதன்று. 1873இல் ஆளுநர் வில்லியம் கிறகரியின் காலத்தில் அமைக்கப்பட்டது. அதன் நீர் நானு ஓயாவாகி, கொத்மலை ஓயாவில் சேர்ந்து, மாவலியில் விழுகிறது. வழியில் திருப்பி எடுப்பது போக எஞ்சுவதுதான் எங்கள் பக்கம் வருகிறது.

அன்னப் படகுகள் மிதக்கும் கரையில் வாவி அழகாகத்தான் இருந்தது. நானும் ஒரு சுற்றுப் போனேன் என்பதை மறைப்பதற்கில்லை. மறுநாள் காலை, நீர் வந்து சேரும் கரைக்குப் போனேன். அங்கே வண்டல் நாக்கைப்போல உள்ளே நீண்டிருந்தது. பச்சைப் படலத்தைக் குச்சியால் கிழித்தேன். குமிழிகளும் சேற்று வாடையும் எழுந்தன, சற்று நேரத்தில் படலம் மெல்ல மூடிக்கொண்டது. மேலே சரிவெங்கும் கரட், லீக்ஸ், உருளைக்கிழங்கு. கரட் கழுவிக்கொண்டிருந்த ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். "முந்தியெல்லாம் மழை மெதுவா பேயும் தம்பி, பசளை மண்ணுல நிக்கும். இப்ப ஒரே அடியா கொட்டுது, போட்டதெல்லாம் ஆத்தோட போயிருது, திரும்பப் போட வேண்டியிருக்கு" என்றார். காலநிலை மாற்றமும் மனிதர் கையும் எங்கே சேர்கின்றன என்பதை இதைவிடத் தெளிவாக எனக்கு யாரும் சொன்னதில்லை.

மலை வாவிக்கு மூச்சே குறைவு. அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையிலிருப்பதில் சுமார் 80 வீதம்தான் என்பதால், ஒரே வெப்பநிலையில் அங்குள்ள நீர் எங்கள் ஊர்க் குளத்து நீரைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவான ஒட்சிசனையே தாங்கும். அதைக் குளிர்தான் ஈடுசெய்கிறது: கடல்மட்டத்தில் 10 பாகை வெப்பத்தில் லீற்றருக்கு 11 மில்லிகிராமுக்கு மேல் கரையும் ஒட்சிசன், 20 பாகையில் 9 அளவுக்கு இறங்கிவிடும். வெப்பம் கூடக் கூட அந்த ஈடும் கைநழுவுகிறது. பசளையின் பொசுபரசில் கொழுத்த பாசி செத்து அழுகும்போது எஞ்சியதையும் உறிஞ்சிக்கொள்கிறது. ஆழமற்ற இடங்களில் மோட்டார் படகுகள் அடிச்சேற்றைக் கிளறி, படிந்த பொசுபரசை மறுபடி மேலே கொண்டுவருகின்றன. ஆங்கிலேயர் மலைநாட்டு ஓடைகளில் கொண்டுவந்து விட்ட ட்ரவுட் போன்ற குளிர்நீர் மீனுக்கு இத்தகைய நீர் ஆகவே ஆகாது.

ஊர் திரும்பிய மறுநாள் மாலை மாவலி மீதுள்ள கங்கைப் பாலத்தில் நின்றேன். நீர் செம்மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. கீழே வலையை உதறிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்து, "மேல நல்ல மழை போல, கலங்கல் வந்திட்டுது" என்றார்.