கச்சான் காற்றும் ஆகனும்

கச்சான் காற்று அடிக்கிற நாட்களில் கல்லடியில் எங்கள் மாமாவின் பட்டறையில் கதவு யன்னல் எல்லாம் சாத்தித்தான் டிக் வெல்டிங் நடக்கும். சிலிண்டரிலிருந்து வருகிற ஆகன் வாயு, உருகின உலோகத்தைச் சுற்றி நின்று ஒட்சிசனைக் கிட்ட வரவிடாது. காற்று அந்த ஆகனையே தள்ளிக்கொண்டு போய்விட்டால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஒட்டின இடமெல்லாம் கருத்துப்போகும், பிறகு தேய்த்தே கை ஓய்ந்துவிடும்.

போன கிழமை, வியர்த்து வழிய நின்ற மாமாவைப் பார்த்துவிட்டு, ஏ எல் படிக்கிற அவருடைய மகன் என்னிடம் கேட்டான்: "மச்சான், இந்த ஆகன் எதோடயும் சேராதுதானே, அப்ப ஏன் இப்ப சடத்துவ வாயு எண்டு சொல்லாம விழுமிய வாயு எண்டு படிப்பிக்கிறாங்க?"

ஆகன் என்ற பெயருக்கே கிரேக்க மொழியில் சோம்பேறி என்றுதான் பொருள். 1894 இல் ரேலியும் ராம்சேயும் கண்டுபிடிக்கும்வரை, வளியில் 0.93 சதவீதமாக இருந்தும் அதை ஒருவரும் தனி வாயுவாக அறியவில்லை, அவ்வளவு சோம்பல். வெளி ஓட்டில் எட்டு இலத்திரனும் நிறைந்திருக்கிறது, வேறு என்ன வேண்டும் என்று நாங்களும் ரியூசனில் பாடமாக்கினோம்.

எதோடும் சேராது என்ற அந்தக் கதையை உடைத்தவர் நீல் பாட்லெட் என்ற இரசாயனவியலாளர். 1962, கனடா. பிளாற்றினம் எக்சாபுளோரைட்டு என்ற சிவப்பு ஆவி, ஒட்சிசன் மூலக்கூறிலிருந்தே இலத்திரனைப் பிடுங்கிவிடுவதை அவர் கண்டிருந்தார். ஒட்சிசன் மூலக்கூறின் அயனாக்கற் சக்தி, அதாவது ஓர் இலத்திரனைப் பிடுங்கத் தேவையான சக்தி, மூலுக்கு ஏறத்தாழ 1175 கிலோயூல், ஆகனின் இனமான செனன் வாயுவுக்கு 1170. அப்படியென்றால் செனனிடமும் பிடுங்கலாமே! இரண்டையும் கலந்தார், அறை வெப்பநிலையிலேயே செம்மஞ்சள் திண்மம் வந்துவிட்டது. (அது சரியாக என்ன சேர்வை என்பது அவர் முதலில் எழுதினதைவிடச் சிக்கலானது, அதை விடுவோம்.) அந்த வருடமே செனன் புளோரைட்டுகளும் வந்துவிட்டன, சடத்துவம் என்ற பெயர் பிறகு பொருந்தாமல் போனது.

எனக்கு இதில் கடுப்பே அந்த இரண்டு எண்களும்தான். அட்டவணையில் கிடந்த எண்களை ஒருவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார், நான் அதே அட்டவணையைப் பரீட்சைக்கு மட்டும் பார்த்தேன்.

செனன் பெரிய அணு, வெளி இலத்திரன்கள் கருவிலிருந்து தூரம், பிடி தளர்வு. ஆகன் அப்படியில்லை, அதன் அயனாக்கற் சக்தி 1521. 2000 இல் பின்லாந்தில் அதையும் ஒரு சேர்வையில் சிக்கவைத்தார்கள், ஆனால் மறை 256 பாகை செல்சியசுக்குக் கீழே. பட்டறைச் சூட்டில் அந்தப் பயம் இல்லை.

இதைச் சொன்னதும் பொடியன் 1521 என்று சோக்கட்டியால் சிலிண்டரில் எழுதிவிட்டுப் போய்விட்டான். பின்னேரம் மாமா கேட்கிறார், இது யாருடைய கைபிடிக்கு வெட்டுகிற பைப் அளவு என்று.