பலே என்று ஒரு சொல்

டிசம்பர் 18

மதியக் கச்சேரி. அனுமதி இலவசம், ஆனாலும் பாதி நாற்காலி காலி. ஆதி தாளக் கீர்த்தனை முடிந்து, தாள வாத்தியம் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனத்தைப் பாடகி என் மிருதங்கத்துக்கு விட்டதும் பின்வரிசை எழுந்து கேன்டீன் பக்கம் நடந்தது. தனி ஆவர்த்தனத்துக்கு ஆட்கள் எழுந்து போவது சென்னை சபாக்களில் எப்போதும் நடப்பதுதான். ஆனாலும் மிருதங்கக்காரனுக்கு அது ஒவ்வொரு முறையும் வலிக்கும். முன்வரிசையில் ஒரு பெரியவர் மட்டும் தொடையில் தாளம் போட்டபடி இருந்தார். முடிவில் வரும் தாளக் கணக்கான கோர்வை சரியாக வந்து சேர்ந்ததும் "பலே!" என்றார். இரவு தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

டிசம்பர் 20

வகுப்பு. எனக்கு மிருதங்கம் சொல்லித்தரும் சார் யாரையும் வாய்விட்டுப் பாராட்ட மாட்டார். "ம்" என்பார், அது கொஞ்சம் நீண்டால் நன்றாக வாசித்திருக்கிறோம் என்று அர்த்தம். புகழ்ந்தால் தலைக்கனம் ஏறும் என்பது அந்தத் தலைமுறையின் நம்பிக்கை. சார் மேல் எவ்வளவு மரியாதை இருந்தாலும் இதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. சின்னப் பிள்ளைகள் பாடத்தை வாசித்துவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். எது சரியாக விழுந்தது என்று தெரிந்தால்தானே மறுபடி அப்படி வாசிக்க முடியும்?

டிசம்பர் 23

மிருதங்க வித்வான் பழநி சுப்பிரமணிய பிள்ளை பற்றிப் பேச்சு வந்தது. அவருக்கு இடது கை வாசிப்பு. மிருதங்கத்தின் கணீரென்று ஒலிக்கும் முகமான வலந்தலை சபையைப் பார்க்க வேண்டுமென்றால் அவர் பாடகரின் மறுபக்கம் உட்கார வேண்டும், வயலின்காரர் இடம் மாற வேண்டும். பலர் இதற்கு இசையவில்லை, அவருக்கு வாய்ப்புகள் குறைந்தன. பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதர்தான் வயலினை மாற்றி உட்காரச் சொல்லி அவரைத் தன் மேடைகளில் வாசிக்கவைத்தார். ஆயிரம் சபாஷை விட இது பெரிது. கலைஞன் ஏங்குவது கைதட்டலுக்கு மட்டும் இல்லை, "நீ இங்கே உட்காரலாம்" என்று ஒருவர் சொல்வதற்கும்தான்.

டிசம்பர் 27

இன்றைய கச்சேரியில் கஞ்சிராவுக்கு, அதாவது கையில் பிடித்துத் தட்டும் சின்னத் தோல் வாத்தியத்துக்கு, ஒரு புதுப் பையன். ஒவ்வொரு தாளச் சுற்றும் முடிந்ததும் என் முகத்தைப் பார்த்தான். இருவரும் மாறிமாறி, அளவைக் குறைத்துக்கொண்டே வாசிக்கும் குறைப்பில் நான் விட்டதை அப்படியே வாங்கி, கடைசியில் தன் கற்பனையாக ஒரு சின்னத் திருப்பம் வைத்தான். மைக்கில் விழட்டும் என்றே சத்தமாக "பலே" சொன்னேன். அதற்கப்புறம் அவன் என் பக்கம் திரும்பவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு வாசித்தான், இன்னும் நன்றாக.

ஜனவரி 2 கச்சேரிக்கும் அவனையே போடலாமா என்று பாடகியிடம் கேட்டேன். சரி என்றுவிட்டார்.