சிக்னலில் மட்டும் வந்த சத்தம்

வண்டியில் என்ன சத்தம் என்று கேட்டால், எங்கள் பட்டறைக்கு வரும் தமிழர் ‘உஸ்’ என்பார். கன்னடக்காரர் ‘புஸ்’ என்பார். பெங்களூரு ஜே.சி. ரோட்டை ஒட்டிய சந்தில் இருபது வருடமாக இந்தச் சொற்களைக் கேட்டுவருகிறேன். ‘சுர்’ என்றால் சூடான இரும்பில் தண்ணீர் சொட்டுகிறது. முதலில் ரேடியேட்டர் ஹோஸைப் பார்ப்பேன். எஞ்சினின் தாளத்தோடு ‘சப் சப்’ என்று வந்தால் புகைக்குழாய் இணைப்பை அடைக்கும் கேஸ்கெட். விடாமல் ‘உஸ்’ என்றால் எஞ்சின் எங்கோ திருட்டுக் காற்றை இழுக்கிறது. ஏ.சி. வண்டியை அணைத்ததும் டேஷ்போர்டுக்குள் சிறிது நேரம் ஒரு ‘உஸ்’ கேட்கும். அது கோளாறே இல்லை, குழாய்க்குள் கேஸின் அழுத்தம் சமமாகும் ஓசை. அதைச் சரிசெய்வதாகச் சொல்லிப் பணம் வாங்குவது பாவம்.

விமான நிலையத்துக்கு டாக்சி ஓட்டும் தர்மபுரிக்காரர் ஒருவர் போன மழைக்காலத்தில் வந்தார். வயது ஐம்பத்தைந்துக்கு மேல் இருக்கும். எஞ்சினில் சீறல் சத்தம் என்று வேறொரு பட்டறையில் பெல்ட்டை மாற்றியிருக்கிறார்கள், ஏர் ஃபில்டர் குழாயையும் மாற்றியிருக்கிறார்கள். சத்தம் போகவில்லை. பணம் போய்விட்டது.

பானட்டைத் திறந்து, எஞ்சினை ஓடவிட்டு, ஒரு முழ ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு மறுமுனையால் ஒவ்வொரு இணைப்பாகத் தடவிப் பார்த்தேன். இதைவிட நல்ல கருவி எனக்குத் தெரியாது. ஊசித்துளைக் கசிவுகூடக் காதுக்குள் விசில் அடிக்கும். அன்றைக்கு ஒன்றுமே கேட்கவில்லை. ஸ்கேனரில் கோளாறு எதுவும் பதிவாகவில்லை. எஞ்சின் காற்றை உறிஞ்சும் பலத்தைப் பாதரச அங்குலத்தில் காட்டும் வேக்குவம் கேஜின் முள் 16இல் அசையாமல் நின்றது. சென்னையில் தொழில் பழகியபோது நல்ல எஞ்சினுக்கு 19, 20 பார்த்திருக்கிறேன். பெங்களூரு கடல் மட்டத்துக்கு மேல் 900 மீட்டருக்குக் குறையாத உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் குறைவு என்பதால் முள்ளும் மூன்று அங்குலம் தாழ்ந்தே நிற்கும். ஆக 16 என்பது நல்ல ஆரோக்கியம்.

ஒரு மணி நேரம் போயிற்று. “அண்ணே, சத்தம் எப்போது வருகிறது?” என்று கேட்டேன். வந்தவுடன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

“சிக்னலில் நிற்கும்போதுதான் தம்பி. விமான நிலையம் போகிற வழியில் ஹெப்பாளில் மாட்டிக்கொண்டால் காது புளித்துவிடுகிறது. வண்டி நகர்ந்தால் நின்றுவிடும்.”

அவரையே உள்ளே உட்காரச் சொன்னேன். சிக்னலில் என்ன செய்வாரோ அதையே செய்யச் சொன்னேன். கியரை நியூட்ரலுக்குத் தள்ளினார், பிரேக்கில் காலை வைத்தார். ‘உஸ்ஸ்ஸ்’ என்று பெடலுக்குப் பின்னாலிருந்து எழுந்தது. முள் 16லிருந்து 11க்குச் சரிந்தது, எஞ்சின் குலுங்கியது. காலை எடுத்தார், அடங்கிவிட்டது. பட்டறையில் யாரும் பிரேக்கை மிதித்துக்கொண்டு பானட்டுக்குள் தலையை விட முடியாது. இத்தனை பேர் தேடியும் சிக்காததற்குக் காரணம் அவ்வளவுதான்.

பெடலுக்குப் பின்னால் இருக்கும் பிரேக் பூஸ்டர் ஒரு பெரிய தகர டப்பா. உள்ளே டயாபிரம் என்ற ரப்பர் சவ்வு அதை இரண்டு அறைகளாகப் பிரிக்கிறது. கால் வைக்காதபோது எஞ்சின் காற்றை உறிஞ்சிவிடுவதால் இரண்டிலும் வேக்குவம். மிதித்தால் பின்னறைக்குள் வெளிக்காற்று நுழைகிறது. அந்த அழுத்த வேறுபாடுதான் காலுக்குத் துணை நிற்கிறது. ரப்பர் கிழிந்திருந்தால் அந்தக் காற்று முன்னறைக்குள் புகுந்து நேராக எஞ்சினுக்கே போகிறது. எஞ்சினை அணைத்து, பெடலை ஐந்தாறு தடவை மிதித்து, அழுத்திப் பிடித்தபடி மறுபடி ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். நல்ல பூஸ்டர் என்றால் பெடல் காலடியில் சற்றுக் கீழே இறங்கும். இறங்கவில்லை.

“பிரேக் ஆயில் குறைகிறதா அண்ணே?”

“மாதம் ஒரு தடவை ஊற்றுகிறேன். எங்கே போகிறது என்றுதான் தெரியவில்லை. சக்கரத்திலும் ஒழுகல் இல்லை, தரையிலும் இல்லை.”

எனக்கு வயிறு கலங்கியது. பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரைப் பூஸ்டரிலிருந்து கழற்றினேன். பூஸ்டருக்குள் விரல் விட்டுப் பார்த்தால் ஈரம். பின்பக்க சீல் தேய்ந்து, ஆயில் வெளியே வராமல் பூஸ்டருக்குள்ளேயே கசிந்து தேங்கியிருக்கிறது. அதில் ஊறி ரப்பர் உப்பி, மடிப்பு ஓரத்தில் சுண்டுவிரல் நீளத்துக்குப் பிளந்திருந்தது. பூஸ்டர் முழுதாகக் கைவிட்டால் பெடல் கல்லாகிவிடும். பலமடங்கு பலம் கொடுத்து மிதித்தால்தான் வண்டி நிற்கும். அதிகாலையில் தூக்கக் கலக்கத்தோடு வரும் பயணிகளை ஏற்றிக்கொண்டு விமான நிலைய நெடுஞ்சாலையில் வேகமாகப் போகிற வண்டி. இதைத்தான் எஞ்சின் சத்தம் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தோம்.

பூஸ்டரை மட்டும் மாற்றினால் செலவு குறையும் என்று அவர் தயங்கினார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. சிலிண்டரை விட்டுவிட்டால் புது ரப்பரையும் அதே ஆயில் தின்றுவிடும். ஜே.சி. ரோட்டிலிருந்து இரண்டையும் வாங்கிவந்து மாட்டி, பூஸ்டரிலிருந்து சிலிண்டரை அழுத்தும் தள்ளுதண்டின் இடைவெளியை அளந்து சரிசெய்து, நான்கு சக்கரத்திலும் பிரேக் குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்றி முடிக்கையில் இருட்டிவிட்டது. கிழிந்த ரப்பரை அவர் கையில் கொடுத்தேன். விளக்கின் அருகே பிடித்து, பிளவுக்குள் விரலை விட்டு விட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஓட்டிப் பார்க்க மினர்வா சர்க்கிள் வரை போனோம். சிவப்பு விழுந்தது. அவர் பிரேக்கை மிதித்தபடி ரேடியோவை அணைத்தார், ஏ.சி.யையும் அணைத்தார். இருவரும் பேசவில்லை. ஓரத்தில் கரும்புச்சாறு பிழியும் இயந்திரத்தின் சலங்கை மட்டும் கேட்டது.