எர்த்தைக் கழற்றினால் டிரிப் நிற்கும், ஆனால்…

ஏசி மெக்கானிக் என்றாலே எல்லோருக்கும் கேஸ்தான் நினைவுக்கு வருகிறது. கூலிங் குறைந்தால் "கேஸ் போயிருக்கும்" என்று வீட்டுக்காரரே முடிவு செய்துவிட்டுத்தான் போன் போடுகிறார். நாகர்கோவிலைச் சுற்றி நான் பார்க்கிற கோளாறுகளில் பாதிக்கு மேல் கரண்ட் சம்பந்தப்பட்டவை. கெப்பாசிட்டர் பலவீனமாகியிருக்கும், கான்டாக்டர் முனை கருகியிருக்கும், டெர்மினல் லூசாக இருக்கும். வேலைக்கு வரும் பையன்களுக்கு, கேஸ் அழுத்தம் பார்க்கிற கேஜ் பிடிப்பதற்கு முன்னால் மீட்டர் பிடிக்கத்தான் சொல்லிக் கொடுக்கிறேன்.

நம் மாவட்டத்தில் இதற்குத் தனிக் காரணமும் உண்டு. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டுமே இங்கே பெய்கின்றன. முட்டம், குளச்சல், மணக்குடி பக்கம் போனால் அதோடு உப்புக்காற்றும் சேர்ந்துகொள்கிறது. அங்கே ஒரு அவுட்டோர் யூனிட்டைத் திறந்து பாருங்கள். ஸ்குரூ தலை ஸ்குரூடிரைவர் பட்டதும் உதிரும். செம்புக் கம்பி முனையில் பச்சைக் களிம்பு படிந்திருக்கும். பார்க்க வயர் டெர்மினலில் இருப்பது போலத்தான் தெரியும். ஆனால் நடுவே அந்தக் களிம்பு ஒரு ரெசிஸ்டன்ஸாக உட்கார்ந்திருக்கும்.

அது என்ன செய்யும் என்பதைக் கணக்குப் போட்டுக் காட்டினால்தான் புரியும். ஒன்றரை டன் ஏசி சுமார் 8 ஆம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள். இணைப்பில் அரை ஓம் சேர்ந்துவிட்டால் இழப்பது 4 வோல்ட்தான். வோல்டேஜ் பார்த்தால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். ஆனால் 8-ஐ 8-ஆல் பெருக்கி, அதை அரையால் பெருக்கினால் 32 வாட். சிறிய சால்டரிங் அயர்ன் அளவு சூடு ஒரு ஸ்குரூ முனையில் மணிக்கணக்காக இருக்கிறது. இன்சுலேஷன் உருகும், டெர்மினல் பிளாக் கருகும். அளவுக்கு மேல் கரண்ட் ஓடினால் சப்ளையை வெட்டுகிற எம்.சி.பி. சுவிட்சும் விழாது, அதன் கணக்கில் ஓடுவது வெறும் 8 ஆம்பியர்தானே. ஐ.டி.ஐ. முடித்து வருகிறவர்களுக்கு ஓம் விதி மனப்பாடம். கருகிய டெர்மினலைக் கையில் கொடுத்து இந்தக் கணக்கைப் போடச் சொல்லும்போதுதான் அது அவர்களுக்குள் இறங்குகிறது.

எர்த் விஷயம் இதைவிட முக்கியம். கன்னியாகுமரியில் ஒரு லாட்ஜுக்குக் கூலிங் கம்ப்ளைன்ட் என்று போயிருந்தேன். ஐயப்ப சீசன், அறைகள் எல்லாம் நிரம்பியிருந்தன, விட்டு விட்டு மழையும் பெய்துகொண்டிருந்தது. மொட்டை மாடியில் அவுட்டோர் யூனிட்டுகள் வரிசையாக இருந்தன. சுவரோரம் இருந்த ஒரு யூனிட்டில் பச்சை எர்த் வயரைக் கழற்றிச் சுருட்டி, டேப் ஒட்டி, ஓரமாகச் செருகி வைத்திருந்தார்கள். மேனேஜரைக் கேட்டேன். "அது மழ பெஞ்சா டிரிப் ஆகிட்டே இருந்துச்சு அண்ணாச்சி. முன்ன வந்த மெக்கானிக் அந்த வயரக் கழட்டிவிட்டாரு. அதுக்கப்புறம் ஒரு தொந்தரவும் இல்ல" என்றார். அவர் நல்ல மனிதர், சந்தோஷமாகத்தான் சொன்னார்.

நான் பயந்தது வேறு ஒன்றைப் பார்த்து. கடலில் குளித்துவிட்டு வந்த சாமிமார்கள் ஈர வேட்டிகளை அந்த யூனிட்டின் ஸ்டாண்டு மேலேயே காயப் போட்டிருந்தார்கள். மாலை போட்டவர்கள், காலில் செருப்பு கிடையாது. மாடித் தரை முழுக்கத் தண்ணீர். மற்ற யூனிட்டின் எர்த்தில் மீட்டரின் ஒரு முனையையும் இந்த யூனிட்டின் பாடியில் இன்னொரு முனையையும் வைத்தேன். 190 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. முதலில் சப்ளையை நிறுத்தினேன், அப்புறம்தான் மேனேஜரிடம் பேச்சு.

மழையில் டிரிப் ஆனது ஆர்.சி.சி.பி. என்கிற கசிவுப் பாதுகாப்பு சுவிட்ச். அது செய்வது ஒரே ஒரு வேலை. பேஸில் போகிற கரண்டும் நியூட்ரலில் திரும்பி வருகிற கரண்டும் சமமா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறது. வித்தியாசம் 15 மில்லிஆம்பியரைத் தாண்டி 30-ஐ எட்டுவதற்குள் சப்ளையை வெட்டிவிடுகிறது. அந்த யூனிட்டின் பேன் மோட்டாரில் ஈரமும் உப்பும் இறங்கி வைண்டிங்கிலிருந்து பாடிக்குக் கரண்ட் கசிந்தது. கசிந்தது எர்த் வயர் வழியாக மண்ணுக்குப் போனது, ஆர்.சி.சி.பி. விழுந்தது. அது செய்தது சரியான வேலை. எர்த்தைக் கழற்றியதும் கசிவு நிற்கவில்லை, அது போகிற வழி மட்டும் அடைபட்டது. பாடியில் வோல்டேஜ் அப்படியே காத்திருக்கும். ஒருவர் வெறுங்காலோடு வந்து தொட்டால் அவர் உடம்பே எர்த் வயர். நனைந்த உடம்பின் ரெசிஸ்டன்ஸ் சுமார் 1,000 ஓம் வரை இறங்கிவிடும். 10 மில்லிஆம்பியரைத் தாண்டினாலே தசை இறுகி, பிடித்த கையை விட முடியாமல் போகலாம். கசிவு 15-க்குக் கீழே நின்றால் ஆர்.சி.சி.பி.யும் விழாது. பிடித்தவர் பிடித்தபடி நிற்க வேண்டியதுதான்.

சப்ளையை நிறுத்திவிட்டு, இன்சுலேஷனைச் சோதிக்கிற மெகர் மீட்டரை வைத்துப் பார்த்தோம். பழைய மாடல், கெட்டுப்போக இன்வெர்ட்டர் போர்டு கிடையாது, அதனால் 500 வோல்ட்டில் பயமில்லாமல் சோதிக்க முடிந்தது. கம்ப்ரஸர் நன்றாக இருந்தது. பேன் மோட்டாருக்கு வைத்தபோது முள் பூஜ்ஜியத்தை விட்டு எழவே இல்லை. மோட்டாரை மாற்றி, எர்த் வயர் முனைக்குப் புது லக் போட்டு முறுக்கினோம். ஒரு மோட்டார் விலையைத் தவிர்க்கப் போய், அத்தனை பேர் உயிரோடு விளையாடியிருக்கிறார்கள். இன்று நினைத்தாலும் எனக்குக் கோபம் வருகிறது.

"எம்.சி.பி. இருக்குல்லா, அது பாத்துக்கிடாதா?" என்று பலர் கேட்கிறார்கள். பார்த்துக்கொள்ளாது. வீட்டு எர்த் குழியின் ரெசிஸ்டன்ஸ் 10 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேஸ் முழுசாகப் பாடியில் பட்டாலும் 230-ஐ 10-ஆல் வகுத்தால் 23 ஆம்பியர்தான் ஓடும். 20 ஆம்பியர் சி-டைப் எம்.சி.பி. உடனே விழ வேண்டுமானால் குறைந்தது 100 ஆம்பியராவது ஓட வேண்டும். 23-க்கு அது அசையாமலே நிற்கலாம். கடற்கரை மணலில் கோடையில் குழி காய்ந்துவிட்டால் 10 ஓம் கிடைப்பதே கஷ்டம். உப்பு ஈரம் இருக்கிற இடத்திலோ குழியில் இறக்கிய ஜி.ஐ. இரும்பு பைப் சீக்கிரமே அரித்துப்போகும். இங்கே எர்த்தும் வேண்டும், ஆர்.சி.சி.பி.யும் வேண்டும், ஒன்று இருக்கிறது என்று இன்னொன்றை விடக்கூடாது.

எங்கள் ஆட்களுக்கு இன்னொன்று. ரிமோட்டில் ஆஃப் செய்வது ஆஃப் இல்லை. யூனிட்டுக்கான மெயின் சுவிட்சான ஐசோலேட்டரை இறக்கிய பிறகும் மீட்டரை முதலில் கரண்ட் இருக்கிற ஒரு இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும், பிறகு தொடப்போகிற டெர்மினலில், பிறகு திரும்பவும் கரண்ட் இருக்கிற இடத்தில். நடுவில் மீட்டர் செத்திருந்தால் அப்படித்தான் தெரியும். நியான் டெஸ்டரை மட்டும் நம்பவே கூடாது. காய்ந்த மர ஸ்டூல் மேல் நின்று வைத்தால் பேஸிலேயே மங்கலாகத்தான் எரியும். கெப்பாசிட்டரை ஸ்குரூடிரைவரால் ஷார்ட் செய்து பொறி பறக்கவிடுவது வேண்டாம். 20 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டால் சில நொடியில் அமைதியாக இறங்கிவிடும். இன்வெர்ட்டர் ஏசி போர்டில் 300 வோல்ட்டுக்கு மேல் டி.சி. நிற்கும், அது இறங்க நேரம் கொடுத்து அளந்த பிறகே கை வைக்க வேண்டும்.

கம்ப்ரஸர் டெர்மினல் மூடியைக் கழற்றி வைத்துவிட்டு ஓடவிட்டுப் பார்க்கும் பழக்கத்தையும் விட வேண்டும். உள்ளே ஷார்ட் இருந்தால் பின் தெறித்து, சூடான ஆயிலும் கேஸும் முகத்தில் பாயும். சப்ளை இல்லாமலே ஓம்ஸ் பார்த்துவிடலாம். கம்ப்ரஸரில் காமன், ரன், ஸ்டார்ட் என்று மூன்று பின் இருக்கும். காமனுக்கும் ரன்னுக்கும் 1.5 ஓம், காமனுக்கும் ஸ்டார்ட்டுக்கும் 2.5 என்றால், ரன்னுக்கும் ஸ்டார்ட்டுக்கும் 4 வர வேண்டும். கூட்டல் சரியாக வரவில்லை என்றால் வைண்டிங்கில் சந்தேகம். ஒவ்வொரு பின்னுக்கும் பாடிக்கும் நடுவே எதுவும் காட்டக்கூடாது. இப்போது வருகிற ஆர்-32 தீப்பிடிக்கும் தன்மை கொஞ்சம் உள்ள கேஸ் என்பதால், லீக் இருக்கிற யூனிட்டில் ஒரு லூஸ் கனெக்ஷனின் பொறியும் இனி சாதாரணமில்லை.

2017 நவம்பர் 30 ஒக்கி புயலுக்குப் பிறகு கம்பங்கள் சாய்ந்து, பல ஊர்களில் நாள்கணக்காகக் கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் அப்போது பலருக்கும் அவசியமானது. அதை, லைனா ஜெனரேட்டரா என்று ஒன்றை மட்டும் இணைக்கிற சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இல்லாமல் வீட்டு லைனில் சொருகினால் கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர் வழியாகத் திரும்பிப் போய், கம்பத்தில் ஏறி வேலை செய்கிற லைன்மேனைத் தாக்கும். ஜெனரேட்டர் இருக்கிற வீட்டில் ஏசி மாட்டப் போனால் முதலில் அந்த சேஞ்ச்ஓவரைத்தான் தேடுகிறேன்.

புது யூனிட் மாட்டும்போது எர்த்துக்கும் ஆர்.சி.சி.பி.க்கும் ஆகிற செலவைத் தனியாக எழுதிக் கொடுத்துவிடுகிறேன். "அது அப்புறம் பாத்துக்கலாம்" என்கிறவர்களுக்கு மேலே போட்ட 10 ஓம் கணக்கை அங்கேயே ஒரு தாளில் போட்டுக் காட்டுகிறேன். அதற்குப் பிறகும் வேண்டாம் என்றால், இன்டோர் யூனிட்டைச் சுவரில் மாட்டாமலே கருவிகளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறேன்.